பென்ரோஸ் கிராமத்துக் காகித ராக்கெட்டுகள்

டென்வர் நகரை விட்டுத் தெற்கு நோக்கிப் பிரயாணம் செய்பவருக்கு வலக்கைப் பக்கம் முழுவதும் மலை. இடக்கைப் பக்கம் முழுவதும் சமவெளி. பாகப்பிரிவினை செய்துகொண்ட அண்ணன் தம்பிகளைப் போல் இரண்டும் ஒன்றோடொன்று கலவாமல் நிற்கின்றன. நடுவே ராஜபாட்டை ஓடுகிறது. சுமார் எழுபது மைல் சென்றதும் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் நகரம். அதற்குப் பின்னால் 14,115 அடி உயரமுள்ள பைக்ஸ் சிகரம், வைகாசி மாதத்திலும் பனிக் குல்லாயைக் கழற்றாமல் எட்டிப் பார்க்கிறது. கொலராடோவுக்கு வருகிற யாத்ரிகர்களில் பலர் இந்தச் சிகரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் சற்றுத் தூரத்திலுள்ள ராயல் கார்ஜ் என்ற ஆழ்ந்த பள்ளத்தாக்கையும் பார்த்துவிட்டு, திருப்தியுடன் ஊர் திரும்புவார்கள். நாங்கள் அவ்விரண்டுக்கும் இடையே உள்ள ஒரு சிறு கிராமத்தைப் பார்ப்பதற்காகப் போனோம். அந்தக் கிராமத்தின் பெயர் பென்ரோஸ்.

கொலராடோ ஸ்பிரிங்ஸிலிருந்து பென்ரோஸுக்குப் போகும் 115-ஆம் எண் சாலையில், வலப்புறத்தில் செயென் மலை என்று ஒன்று வருகிறது. பார்ப்பதற்கு மற்ற மலைகளைப் போலத்தான் இருக்கிறது. ஆனால் அதன் வயிறு வெறும் பாறையன்று. கருங்கல்லைக் குடைந்து, உள்ளே கட்டடங்கள் கட்டி, எதிரி நாட்டு ஏவுகணைகள் வருகின்றனவா என்று இரவு பகலாய் ஆகாயத்தைக் காவல் காப்பதற்கென்று ஒரு நிலையத்தை அங்கே அமைத்தார்கள். 1966-ஆம் வருஷம் அது வேலை செய்யத் தொடங்கியது. ஒரு நாடே மற்றொரு நாட்டின் ராக்கெட்டுக்குப் பயந்து மலைக்குள் புகுந்த காலம் அது!

அந்த மலையைத் தாண்டிச் சுமார் முப்பது மைல் போனால் பென்ரோஸ். அங்கேயும் ராக்கெட்டுகள் உண்டு. ஆனால் அவற்றுக்கு யாரும் பயப்படுவதில்லை. அவை காகிதத்தாலும் மெல்லிய மரத்தாலும் ஆனவை. பத்து வயதுக் குழந்தைகள் கோந்து போட்டு ஒட்டி, வர்ணம் பூசி, ஐந்நூறு அடி ஆயிரம் அடி உயரம் பறக்கவிட்டு, பாரசூட்டில் இறங்கி வருவதை ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் பறக்கவிடுகிறார்கள்.

ஆப்பிள் தோட்டத்தில் ராக்கெட்

பென்ரோஸ் கடல் மட்டத்துக்கு ஐயாயிரம் அடிக்கு மேலே உள்ள ஊர். சுரங்கத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய ஸ்பென்சர் பென்ரோஸ் என்ற கனவானின் பெயரால் விளங்குவது. ஆப்பிள் பயிருக்குப் பேர் போனது. நாங்கள் போன சமயம் மரங்கள் பூத்து ஓய்ந்திருந்தன. தோட்டங்களுக்கு அப்பால் காய்ந்த புல்லும், முள்ளும், நீல வானமும்தான். எங்கே திரும்பினாலும் வெறும் வெளி. இப்படிப்பட்ட இடத்தில், ஊருக்கு ஒதுக்குப்புறமாக, தணிந்த சில கட்டடங்கள் தெரிந்தன. அவைதாம் எஸ்டிஸ் தொழிற்சாலை என்று எங்கள் தம்பி காட்டினான்.

வெடிமருந்து வேலை நடக்கும் இடமாகையால் நாங்கள் வேலிக்கு இப்பால் நின்று பார்த்ததோடு சரி. "இவ்வளவுதானா?" என்று எங்களுக்குத் தோன்றியது. ஆனால் தம்பியின் மகள் மீனாவுக்கோ அது கோயில் வாசல் போல் இருந்தது. அந்தச் சிறு பெண் டென்வரில் தன் வீட்டில் வைத்திருக்கும் நாலு ராக்கெட்டுகளும் இந்த வேலிக்குள்ளிருந்து வந்தவையாயிற்றே!

இந்தத் தொழிற்சாலை இங்கே வந்த கதை கேட்கத் தகுந்தது. ஒரு செருப்புக் கடைக்காரர், ஓர் எழுத்தாளர், ஒரு வாணக்காரர் வீட்டுப் பிள்ளை ஆகிய மூவர் அக்கதையில் வருகிறார்கள்.

செருப்புக் கடைக்காரரின் யோசனை

நெப்ராஸ்கா மாகாணத்தில் நார்போக் என்ற ஊரில் ஆர்வில் கார்லைல் என்பவர் செருப்புக் கடை வைத்திருந்தார். வயிற்றுப் பிழைப்பு செருப்பில், மனமோ வாணவேடிக்கையில். அவருடைய சகோதரர் ராபர்ட்டுக்கு மாதிரி ஆகாய விமானங்களில் மோகம். ராக்கெட் எப்படிப் பறக்கிறது என்பதைப் பிரசங்கங்களில் செய்து காட்டுவதற்கு ஏதாவது வேண்டுமென்று ராபர்ட் கேட்டார். 1954-ஆம் வருஷத்தில் கார்லைல் ஒரு காகிதக் குழலை எடுத்து, அதற்கு மர மூக்கும் வால் இறகுகளும் பொருத்தி, அடியில் மருந்து அடைத்த சிறு மோட்டார் ஒன்றைச் செருகினார். மேலே போனதும் தானே பாரசூட்டை வெளியே தள்ளும்படி செய்தார். எரிந்த மோட்டாரை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகினால் அதே ராக்கெட் மீண்டும் பறக்கும். சாதாரண வாணம் ஒருமுறை சீறிப் போனால் சாம்பல். இது போய்த் திரும்பி வந்தது. புதுமை அதில்தான் இருந்தது.

இதே காலத்தில் நியூ மெக்ஸிகோவின் வெள்ளை மணல் வெளியில், சர்க்காரின் பெரிய ராக்கெட்டுகளைச் சோதிக்கும் இடத்தில், ஹாரி ஸ்டைன் என்பவர் பாதுகாப்பு வேலையில் இருந்தார். நாடெங்கும் வாலிபர்கள் இரும்புக் குழாயிலும் பித்தளைக் குழாயிலும் கண்ட மருந்தையும் கிட்டித்து ராக்கெட் விட முயல்வதும், குழாய் வெடித்து விரலையும் கண்ணையும் இழப்பதும் அவரை வருத்தின. உயிரையே இழந்தவர்களும் உண்டு. 1957-ஆம் வருஷத் தொடக்கத்தில் இவ்விஷயத்தைப் பற்றி அவர் ஒரு பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்த கார்லைல், 'என்னிடம் வழி இருக்கிறது' என்று எழுதித் தம்முடைய ராக்கெட்டுகளையும் அனுப்பி வைத்தார். ஸ்டைன் அவற்றைப் பறக்கவிட்டுப் பார்த்தார். அவருக்கு வேண்டியது அதுவேதான்.

அதே வருஷம் அக்டோபர் 4-ஆம் தேதி ருஷ்யர்கள் ஸ்புட்னிக் என்ற செயற்கைச் சந்திரனை ஆகாயத்தில் ஏற்றினார்கள். அமெரிக்கப் பையன்களுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. மேற்கு வர்ஜீனியாவில் கோல்வுட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் ஹோமர் ஹிக்கம் என்ற பையனும் அவன் தோழர்களும் தாமாகவே ராக்கெட் செய்யத் தொடங்கியதும், 1960-ல் தேசிய விஞ்ஞானக் கண்காட்சியில் பரிசு பெற்றதும், பின்னால் அவர் விண்வெளி இலாகாவில் பொறியாளராகி அக்கதையைப் புத்தகமாக எழுதியதும் பலர் அறிந்தவை. ஆனால் எல்லாப் பையன்களும் ஹிக்கமைப் போல் விரல்கள் பத்தும் பத்திரமாக வளர்ந்துவிடவில்லை.

ஸ்டைன் டென்வரில் ஒரு கம்பெனி தொடங்கிக் கார்லைலின் ராக்கெட்டுகளை விற்க முற்பட்டார். மோட்டார்தான் தகராறு செய்தது. ஒன்று நன்றாக எரிந்தால் இன்னொன்று வெடித்தது. அப்போதுதான் டென்வரில் வாணம் செய்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த வெர்ன் எஸ்டிஸ் என்ற வாலிபரை அவர் கண்டார். எஸ்டிஸ் 1958-ல் தொடங்கி ஒரு யந்திரத்தை உருவாக்கினார். அதற்கு 'மேபல்' என்று ஒரு பெண் பிள்ளையின் பெயர்! காகிதக் குழலில் களிமண்ணையும் மருந்தையும் அளவாகப் போட்டு, அழுத்தி, ஐந்தரை விநாடிக்கு ஒரு மோட்டார் வீதம் அது தள்ளியது. ஸ்டைனின் கம்பெனி விற்கக்கூடியதைக் காட்டிலும் மேபல் அதிகமாகச் செய்துவிட்டாள். ஸ்டைனின் வியாபாரம் நொடித்தது. எஸ்டிஸ் தாமே தபால் மூலம் விற்க ஆரம்பித்தார். 1961-ல் டென்வரில் இடம் போதாமல், 77 ஏக்கர் நிலம் வாங்கிப் பென்ரோஸுக்கு வந்து சேர்ந்தார். வெடிமருந்துக்கு வெட்டவெளிதானே உற்ற துணை?

விரல் நீளத்தில் ஒரு யந்திரம்

மீனாவின் பெட்டியிலிருந்து ஒரு மோட்டாரை எடுத்துப் பார்த்தோம். பதினெட்டு மில்லிமீட்டர் குறுக்களவு, எழுபது மில்லிமீட்டர் நீளம். நம் சுண்டுவிரலைவிடச் சற்றுப் பருமன். அடியில் களிமண்ணை இறுக்கிச் செய்த சிறு துவாரம். அதற்கு மேல் கறுப்பு வெடிமருந்து. இது ஒரு விநாடிக்கும் குறைவான நேரமே எரியும். அதற்குள் ராக்கெட் கண்ணுக்கு எட்டாத வேகம் பெற்றுவிடும். அதற்கு மேல், உந்தாமல் மெதுவாகப் புகைவதற்கென்றே ஒரு மருந்து. ராக்கெட் தன் வேகத்திலேயே உயரே போய்க்கொண்டிருக்கும்போது இது சில விநாடி புகைந்து, அது இருக்கும் இடத்தையும் நமக்குக் காட்டிக் கொடுக்கும். கடைசியில், உச்சத்தில், மேல் நோக்கி 'பட்' என்று ஒரு சிறு வெடி. அது மூக்கைக் கழற்றிப் பாரசூட்டை வெளியே தள்ளிவிடும். ஒரு விரல் நீளக் குழலுக்குள் ஏறுவது, காத்திருப்பது, இறங்குவது ஆகிய மூன்று காரியங்களும் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

மேலே 'பி 6-4' என்று எழுதியிருந்தது. அதற்கு அர்த்தம் கேட்டோம். மீனா உபாத்தியாயராகவும் நாங்கள் மாணாக்கராகவும் ஆனோம். முதல் எழுத்து மோட்டாரின் மொத்த வலிமையைக் குறிக்கும். 'ஏ' என்றால் அதிகபட்சம் 2.5 நியூட்டன்-விநாடி, 'பி' 5, 'ஸி' 10, 'டி' 20. எழுத்துக்கு எழுத்து இரட்டிப்பு. இரண்டாவது எண், சராசரியாக எத்தனை நியூட்டன் விசையுடன் தள்ளும் என்பது. மூன்றாவது எண், உந்துதல் நின்றபின் பாரசூட்டைத் தள்ளுவதற்கு எத்தனை விநாடி தாமதம் என்பது. கல்லூரியில் பௌதிக வகுப்பில் நியூட்டனின் விதிகளை நாங்கள் நெட்டுருப் போட்டதுண்டு. பத்து வயதுப் பெண் அவற்றைக் கைவிரலில் வைத்து எண்ணுவதைப் பார்த்தபோது, எங்களுக்குப் படிப்பித்தவர்கள் ஒரு காகிதக் குழலையாவது காட்டியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

சமையலறை மேஜையில்

ராக்கெட் கட்டும் வேலை தம்பி வீட்டுச் சமையலறை மேஜையில் இரண்டு இரவு நடந்தது. முதலில் வால் இறகுகள். பால்ஸா என்ற பஞ்சு போன்ற மரத்தை மெல்லிய பலகையாக அறுத்துத் தருகிறார்கள். மரத்தின் ரேகை இறகின் முன் விளிம்போடு ஒத்துப் போகும்படி வெட்ட வேண்டும். மாறி வெட்டினால் முதல் காற்றிலேயே இறகு கிள்ளியெடுத்தாற்போல் முறிந்துவிடும். பிறகு உப்புத்தாளால் விளிம்புகளைத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். குழலில் சம தூரத்தில் கோடு போட்டு, வெள்ளைப் பசை தடவி, இறகுகளை நிறுத்தி, காய்ந்ததும் இறகும் குழலும் சேரும் மூலையில் மறுபடியும் பசையை விரலால் இழைக்க வேண்டும். ராக்கெட்டின் ஆயுள் அந்த இழைப்பில் இருக்கிறது என்றாள் மீனா. அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வித்தை ஏற்காது. பசை காய்கிற வரையில் காத்திருக்கத்தான் வேண்டும்.

மூக்கும் உடலும் பிரிந்து வீழ்ந்து காணாமற் போகாமல் இரண்டையும் ஒரு ரப்பர்க் கயிற்றால் பிணைக்கிறார்கள். மோட்டாரின் கடைசி வெடி பாரசூட்டைப் பொசுக்கிவிடாதபடி இடையே தீப்பற்றாத காகிதத்தைக் கசக்கி அடைக்கிறார்கள். இதை மறந்தவர்களின் பாரசூட் உருகிக் கட்டியாகி, ராக்கெட் ஈட்டி போல் தலைகீழாகத் தரையில் குத்தும்.

எல்லாம் முடிந்தபின் ஒரு பரீக்ஷை. மோட்டாரைச் செருகிய ராக்கெட்டை, கனம் சமமாகும் இடத்தில் கயிற்றால் கட்டித் தலைக்கு மேல் சுழற்ற வேண்டும். மூக்கு முன்னால் பார்த்தபடி சுற்றினால் அது நேராகப் பறக்கும். தலைகீழாகவோ குறுக்காகவோ சுற்றினால், ஆகாயத்திலும் அப்படியே கரணம் போடும். கனத்தின் மையம் முன்னாலும், காற்று அழுத்தும் மையம் பின்னாலும் இருக்க வேண்டும். இடையே குழலின் பருமன் அளவாவது தூரம் வேண்டும். அம்புக்கு முனையில் இரும்பும் வாலில் இறகும் வைத்த நம் முன்னோர் அறிந்திருந்த சூத்திரந்தான் இது.

புல்வெளியில் ஒரு சனிக்கிழமை

பியூப்ளோ நகருக்குத் தெற்கே ஒரு மாட்டுப் பண்ணையின் புல்வெளியில் ராக்கெட் சங்கத்தார் ஒன்றுகூடும் நாளுக்குப் போனோம். தூரத்தில் ஸ்பானிஷ் சிகரங்கள் இரண்டும் இரட்டையர் போல் நின்றன. தரையில் முழங்கால் உயரத்துக்குக் கள்ளி. "பாம்பு உண்டு, பார்த்து நடவுங்கள்" என்று வரவேற்பு உபசாரம் செய்தார் ஒருவர். நாற்பது ஐம்பது பேர் இருக்கலாம். குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். மடக்கு மேஜைகள், கூடாரங்கள், சோற்றுப் பெட்டிகள்! நம் ஊர் ஆற்றங்கரையில் ஆடிப் பெருக்குக்குக் கூடிய மாதிரி இருந்தது.

ஏவுதளம் என்பது தரையில் ஊன்றிய கம்பிகளின் வரிசை. ராக்கெட்டின் பக்கத்தில் ஒட்டியுள்ள சிறு குழலைக் கம்பியில் கோத்து நிறுத்துகிறார்கள். மோட்டாரின் துவாரத்தில் மெல்லிய கம்பித் திரியை வைத்து, மின்சாரக் கம்பியை மாட்டி, பதினைந்து அடிக்கு அப்பால் வந்து நின்றுதான் பொத்தானை அழுத்த வேண்டும். பெரிய மோட்டாரானால் முப்பது அடி. நெருப்புக் குச்சியால் பற்ற வைப்பது என்ற பேச்சே கிடையாது. பக்கத்தில் தண்ணீர்ப் பீப்பாயும் மண்வெட்டியும் தயாராக இருந்தன. புல் காய்ந்த மாதங்களில் சர்க்கார் தீத்தடை உத்தரவு போட்டால் அன்று ஒரு ராக்கெட்டும் எழும்பாது. மணிக்கு இருபது மைலுக்கு மேல் காற்று அடித்தாலும் எழும்பாது.

கம்பிக்குப் போகுமுன் ஒவ்வொரு ராக்கெட்டும் ஒரு மேஜைக்கு வர வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்த பாதுகாப்பு அதிகாரி ஒரு பெண்மணி. இறகுகளை அசைத்துப் பார்த்தார். மூக்கை இழுத்துப் பார்த்தார். மோட்டாரின் எழுத்தைப் படித்தார். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தானே திட்டமிட்டுச் செய்த ராக்கெட்டை நீட்டினான். மூன்றடி உயரம், முன்பக்கத்திலும் இறகுகள், பார்வைக்குப் பிரமாதம். அவர் அதைக் கயிற்றில் கட்டிச் சுழற்றச் சொன்னார். அது வாலை முன்னே நீட்டிக்கொண்டு சுற்றியது. பையனுடைய முகம் வாடிவிட்டது.

நாங்கள் உபாத்தியாயர் வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள். அடுத்து என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும் என்றே நினைத்தோம். "கூடாது, எடுத்துக்கொண்டு போ!" இதை எத்தனை தடவை நம் பள்ளிக்கூடங்களில் கேட்டிருக்கிறோம்! ஆனால் அந்த அம்மாள் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு உருண்டை களிமண்ணை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "மூக்குக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டே சுழற்றிப் பார். எவ்வளவு வைத்தபோது திரும்பியது என்று வந்து சொல்" என்றார். அரை மணி நேரத்தில் பையன் ஓடி வந்தான். ராக்கெட் போயிற்று, அவ்வளவு உயரம் போகவில்லை, ஆனால் நேராகப் போயிற்று. "கனம் கூடியதால் உயரம் குறைந்தது, அடுத்த தடவை முன் இறகைச் சிறியதாக்குவேன்" என்று அவனே தீர்ப்பும் சொல்லிக்கொண்டான்.

மீனாவின் முறை வந்தது. "ஐந்து, நாலு, மூன்று…" என்று எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். இப்படிப் பின்னோக்கி எண்ணும் வழக்கம் 1929-ல் ஜெர்மானியர் எடுத்த சந்திர யாத்திரைச் சினிமாவில் வந்து பிரபலமானதாகும். பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று அசைந்தோம். "நில்லுங்கள், பெரியப்பா!" என்று அவள் தடுத்தாள். பாதுகாப்புச் சாவியைப் பிடுங்கிவிட்டு அறுபது விநாடி காத்த பிறகே அருகில் போகலாம் என்பது விதி. குழந்தைகள் அத்தனை பேரும் ஒருவரும் சொல்லாமலே அறுபது வரையில் நின்றார்கள். திரியை மாற்றி மறுபடியும் அழுத்தினாள். ஒரு சீறல். கம்பி வெறுமையாகிவிட்டது. புகைக் கோடு ஒன்று நீலத்தில் ஏறிக்கொண்டே போய், உச்சியில் வளைந்து, சிவப்புப் பூப்போல் பாரசூட் விரிந்தது.

முந்நூறு அடி தள்ளி, தம்பி ஒரு அட்டைக் கோணமானியில் நூலும் ஈயக் குண்டும் தொங்கவிட்டு அந்த உச்சியைக் குறி பார்த்துக்கொண்டிருந்தான். கோணம் 62 பாகை. முந்நூறை அந்தக் கோணத்தின் 'டேன்ஜெண்ட்'டால் பெருக்கினால் சுமார் 560 அடி. திரிகோண கணிதம் எதற்கு உபயோகம் என்று கேட்கும் மாணவர்களுக்கு இனி எங்களிடம் பதில் இருக்கிறது.

ஒட்டுப் போடும் மேஜை

கூட்டத்தில் எங்களை மிகவும் கவர்ந்த இடம் ராக்கெட்டுகளுக்கு வைத்தியம் செய்யும் மேஜை. குழல் நசுங்கியிருந்தால் நசுங்கிய பாகத்தை வட்டமாக வெட்டி எறிந்து, உள்ளே சிறு குழலொன்றைப் பாதி நுழைத்து, மேலே புதுக் குழலை ஒட்டிவிடுகிறார்கள். பாரசூட் தாமதமாக விரிந்தால் கயிறு குழலின் விளிம்பை மேலிருந்து கீழே கிழித்துவிடும். அதற்கு மெல்லிய காகிதத்தைப் பசையில் தோய்த்துச் சுற்றுகிறார்கள். காற்றில் பாரசூட் வெகு தூரம் அடித்துக்கொண்டு போனால் அதன் நடுவே ஒரு துவாரம் வெட்டிவிடுகிறார்கள். மரத்திலோ மின்சாரக் கம்பியிலோ சிக்கிய ராக்கெட்டுக்கு மட்டும் வைத்தியம் இல்லை. அதை எடுக்க முயலக் கூடாது என்பது விதி. ராக்கெட் போகட்டும், குழந்தை வேண்டும்.

அந்த மேஜையில் எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் பழைய ராக்கெட் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். வர்ணம் மங்கி, காகிதம் பழுத்திருந்தது. விசாரித்தோம். அவரும் அவருடைய அண்ணனும் சிறுவர்களாய் இருந்தபோது, வீடு வீடாகப் பத்திரிகை போட்டுச் சேர்த்த காசை அனுப்பிப் பென்ரோஸிலிருந்து தபாலில் வரவழைத்துக் கட்டியதாம். அண்ணன் சென்ற பனிக்காலத்தில் காலமாகிவிட்டார். வீட்டைக் காலி செய்தபோது பரணில் கிடைத்தது. மூன்று இறகில் ஒன்று இல்லை. ரப்பர்க் கயிறு மண்ணாய் உதிர்ந்துவிட்டது. புதுக் கயிறும், புதுப் பாரசூட்டும், ஒரு புது இறகும் வைத்திருந்தார். குழலில் அண்ணன் கையெழுத்தில் இருந்த பெயரின் மேல் மட்டும் வர்ணம் பூசவில்லை.

"இதைப் பறக்கவிடுவதா? கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாமே?" என்றோம்.

அவர் சற்று நேரம் பசையை விரலால் இழைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "நானும் மூன்று மாதம் அப்படித்தான் வைத்திருந்தேன்" என்றார். "அலமாரியில் வைப்பதற்காக அவன் இதைச் செய்யவில்லை."

இருப்பதில் சிறிய மோட்டாரையே போட்டார், 'ஏ 8-3'. எண்ணிக்கையைக் கூட்டத்தார் வழக்கம் போல் உரக்கச் சொல்லவில்லை என்பதை நாங்கள் கவனித்தோம். ராக்கெட் எழும்பியது. ஒரு கணம் காற்றுக்கு எதிராகச் சாய்ந்தது. பிறகு நிமிர்ந்து போயிற்று. பாரசூட் விரிந்தபோதுதான் எல்லோரும் மூச்சு விட்டோம். அது மெதுவாக ஆடிக்கொண்டே வந்து கள்ளிகளுக்கு நடுவில் விழுந்தது. பெரியவர் போய் எடுத்து வந்து எங்களிடம் காட்டினார். ஒரு இறகு கழன்றிருந்தது.

"பார்த்தீர்களா! நான் ஒட்டியதுதான் பிரிந்தது. அவன் ஒட்டிய இரண்டும் அப்படியே இருக்கின்றன" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு மேஜைக்குப் போய்ப் பசைக் குப்பியைத் திறந்தார்.

கையில் கொடுக்கலாமா?

குழந்தை நெருப்பைக் கேட்கிறது. பெற்றோரும் உபாத்தியாயரும் என்ன செய்வது? இரண்டு பதில்கள் நமக்குப் பழக்கமானவை. ஒன்று, 'தொடாதே' என்பது. மற்றொன்று, தீபாவளிக்குத் தீபாவளி கையில் வாணத்தைக் கொடுத்துவிட்டுக் கடவுள்மேல் பாரத்தைப் போடுவது. கார்லைலும் ஸ்டைனும் எஸ்டிஸும் மூன்றாவது பதில் ஒன்றைக் கண்டார்கள். அபாயமான வேலையாகிய மருந்து கிட்டிப்பதைக் குழந்தையின் கையிலிருந்து எடுத்துத் தொழிற்சாலைக்குக் கொடுத்தார்கள். மற்ற வேலைகளாகிய வெட்டுவது, ஒட்டுவது, கணக்கிடுவது, காத்திருப்பது, தேடுவது, பழுது பார்ப்பது எல்லாவற்றையும் குழந்தைக்கே விட்டுவிட்டார்கள். எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று சரியான இடத்தில் கோடு கிழித்ததுதான் அவர்கள் செய்த பெரிய உபகாரம். அந்தப் புல்வெளியில் விதிகள் ஏராளம். ஆனால் விதியைக் கண்டு முணுமுணுத்த ஒரு குழந்தையையும் காணோம். விதியின் காரணம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதைப் படிக்கும் வீடுகளில் உள்ள சிறுவர் சிறுமியர் உடனே ராக்கெட் வேண்டுமென்று கேட்பார்கள். வாணத்தைப் பிரித்து மருந்தை எடுத்துக் குழாயில் அடைக்கும் யோசனை எவருக்கேனும் இருந்தால், அதை இப்போதே கைவிட வேண்டும். கைகளை இழந்த பையன்கள் அத்தனை பேரும் அப்படித் தொடங்கியவர்களே. நெருப்பே இல்லாத ராக்கெட் ஒன்று உண்டு. சோடா விற்கும் இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, இறுக்கமான தக்கையில் சைக்கிள் டியூபின் வால்வைப் பொருத்தி மூடி, புட்டியைத் தலைகீழாக ஒரு தாங்கியில் நிறுத்தி, நீண்ட குழாய் வழியாகத் தூரத்தில் நின்று பம்பால் காற்றடித்தால், ஒரு கட்டத்தில் தக்கை விடுபட்டு, தண்ணீர் கீழே பீறிட, புட்டி மேலே பாயும். கண்ணாடிப் புட்டியும் உலோகப் பாத்திரமும் இதற்கு ஆகா. பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். திறந்த மைதானம் வேண்டும். காற்றடித்த புட்டியின் மேல் யாரும் குனியக் கூடாது. அட்டையில் மூன்று இறகும், மூக்கில் சிறிது களிமண்ணும் வைத்தால் நேராகப் போகும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினால் அதிக உயரம் போகிறது என்பதை அட்டைக் கோணமானியால் அளந்து குறித்துக்கொள்ளலாம்.

1926-ஆம் வருஷம் மார்ச் 16-ஆம் தேதி, ராபர்ட் காடர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர், திரவ எரிபொருளால் ஓடும் உலகத்தின் முதல் ராக்கெட்டை மாஸசூசெட்ஸில் ஆபர்ன் என்ற ஊரில் ஒரு தோட்டத்தில் பறக்கவிட்டார். அது எழும்பிய உயரம் 41 அடி; பறந்த நேரம் இரண்டரை விநாடி; விழுந்த இடம் முட்டைக்கோசுப் பாத்தி. அதற்கு 43 வருஷத்துக்குப் பின் மனிதன் சந்திரனில் நடந்தான். ஆகையால் நம் வீட்டுப் பிள்ளைகளின் புட்டி தென்னை மர உயரம் போனாலும் குறைவில்லை. விழுந்ததை எடுத்து வந்து, ஏன் விழுந்தது என்று பார்த்து, ஒட்டுப் போட்டு மறுபடியும் விடும் பழக்கம் மட்டும் அவர்களுக்கு வர வேண்டும்.